மஞ்சணத்தூரை விட்டு இனிப்பு போன விதம்

மஞ்சணத்தூரை விட்டு இனிப்பு போனது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். எந்த விஷயத்திலும் தெருவுக்கு ஒரு கருத்து வைத்திருக்கிற அந்த ஊரில் இந்தக் கிழமையைப் பற்றி மட்டும் வேறு பேச்சே கிடையாது, ஏனென்றால் அன்றைக்கும் எல்லோரும் டீ குடித்தார்கள். பேருந்து நிலையத்து டீக்கடையில் முதல் கிளாஸை வாங்கிய பால்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னவே, சீனி போட மறந்துட்டீரா?" என்று கேட்க, மாஸ்டர் ஒரு கரண்டி போட்டார், பிறகு இன்னொரு கரண்டி போட்டார், பிறகு தானும் குடித்துப் பார்த்துவிட்டு டப்பாவையே கவிழ்த்தார், கரையாத சீனி கிளாஸின் அடியில் ஆற்று மணல் மாதிரி உட்கார்ந்திருக்க, டீ வெறும் டீயாகவே இருந்தது. வெயில் ஏறுவதற்குள் மளிகைக் கடைகளில் சீனி தீர்ந்தது, அதற்குப் பிறகு வெல்லம் தீர்ந்தது, அதற்குப் பிறகு கருப்பட்டி, அதற்கும் பிறகு மருந்துக்கடையில் பிள்ளைகளுக்கான இருமல் மருந்து. லாலா கடை அணைந்தபெருமாள், தான் கிண்டிய அல்வாவில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, நெய்யில் ஊறிய சைக்கிள் டியூபைத் தின்கிற முகத்தோடு நெடுநேரம் மென்று, துப்புவதற்கு மனசு வராமல் விழுங்கினார்.

காரணம் என்னவென்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது, ஏனென்றால் செங்கமலமே லாலா கடைக்கு வந்து சொன்னாள்.

"அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் கொஞ்சம் கூட்டிட்டேன்."

"எதைம்மா கூட்டின?"

"வெள்ளியை."

அணைந்தபெருமாளுக்குப் புரியவில்லை. செங்கமலம் மலையடிவாரத்துக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு செய்கிறவள், படிப்பை முடிக்கவே முப்பது வயதைத் தாண்டியவள், எதையும் முதலிலிருந்து விளக்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆகவே முதலிலிருந்து சொன்னாள். வேலியோரத்தில் படர்கிற சிறுகுறிஞ்சான் கொடி இருக்கிறதே, அதன் இலையை மென்றுவிட்டுச் சீனியைத் தின்றால் சீனி தித்திக்காது, சர்க்கரைக்கொல்லி என்றுகூட அதற்கு ஒரு பெயர் உண்டு, சர்க்கரை வியாதிக்கு அது மருந்து. அந்த இலையில் ஒரு துணுக்கை வெட்டிக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் சத்துக் கூழில் நட்டுவைத்தால், அது இலையாகவும் ஆகாமல் வேராகவும் ஆகாமல் இளம்பச்சையில் ஒரு கட்டியாகத் திரண்டு வளரும். ஆனால் பாட்டிலுக்குள் அதற்கு வெயில் கிடையாது, பூச்சி கிடையாது, ஆடு மாடு கிடையாது. கேட்ட நேரத்தில் சாப்பாடு. இப்படிச் சுகமாக இருக்கிற செடி மருந்து சுரக்காது. யாரோ தன்னைத் தின்ன வருகிறார்கள் என்று பயந்தால்தான் சுரக்கும். அதனால் வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகளாக்கிக் கூழில் கலப்பாள். துகள் போய்க் குத்தும், செடி பயந்து மருந்தைச் சுரக்கும்.

"நேத்து என்னமோ அது ரொம்பப் பயந்துருச்சு," என்றாள்.

"பயந்தது அது. பட்டினி கிடக்கப் போறது நானா?" என்றார் அணைந்தபெருமாள்.

காரணம் தெரிந்துவிட்டதால் ஊர் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. அதைவிட முக்கியமான செய்தி சாயங்காலம் வந்தது. தங்கச்சி வீட்டுக்கு லட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய ஒரு பெண், நம்பிக்கையில்லாமல் ஒன்றை வாயில் போட்டு அதக்கிக்கொண்டிருக்க, பஸ் வடக்குக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் வாயெல்லாம் தித்திப்பு வெடித்துப் பரவி, அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இனிப்பு அப்படியே இருந்தது. இந்தப் பக்கம்தான் இல்லை. மறுநாளிலிருந்து பிறந்தநாள் கேக்குகள் அக்கரையில் வெட்டப்பட்டன, பாயசம் அக்கரையில் ஊற்றப்பட்டது, தாலி இக்கரைக் கோயிலில் கட்டிப் பந்தியை அக்கரைத் தோப்பில் போட்டார்கள், அதுவரை பாதி விலைக்குக்கூட யாரும் கேட்காத அந்தத் தோப்புக்கு வேலி போட்டு நுழைவுச் சீட்டு வைத்தார்கள். கால்வாயில் இறங்கிக் குளிக்கிறவர்கள் நடுத்தண்ணீரில் நின்று வெல்லத்தை வாயில் ஒதுக்கி, ஒரு அடி முன்னால் போவதும் ஒரு அடி பின்னால் வருவதுமாக இருந்தார்கள்.

நாக்கோடு நின்றிருந்தால் ஊர் இதோடு பழகிப்போயிருக்கும். ஆனால் இனிப்பு போகும்போது தனக்குச் சொந்தமான அத்தனையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது என்பது முதலில் தெரிந்தது ஆதிமூலத்துக்குத்தான். ஆதிமூலம் கல்யாணத் தரகர், செங்கமலத்தின் புருஷன். அவர் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர். வாரம் ஒரு ஜாதகத்தோடு வந்து, வந்த ஒவ்வொரு மாப்பிள்ளையையும் கேட்கிறவர் கண்ணில் நீர் வரும்படி வர்ணித்துவிட்டுப் போவார். நேரில் வந்த மாப்பிள்ளை யாரும் அந்த வர்ணனைக்கு அருகில்கூட வரவில்லை. கடைசியில் செங்கமலம், "மாப்பிள்ளை வேண்டாம், வர்ணிக்கிறவர் போதும்" என்று சொல்லி அவரையே கட்டிக்கொண்டாள். ஊரில் பாதிக் குடும்பங்கள் அவர் வாயிலிருந்து பிறந்தவை.

அந்த வாரம் அவர் கீழத்தெருவில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

"பொண்ணு குத்துவிளக்கு மாதிரிம்மா. வீட்டுக்குள்ள வந்தா வெளிச்சம்."

"என்ன படிச்சிருக்கா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"படிப்பு என்ன படிப்பு, குணம் சொக்கத் தங்கம்."

"அப்ப படிக்கல. வேலைக்குப் போறாளா?"

"மகாலட்சுமி எங்கயாச்சும் வேலைக்குப் போவாளாம்மா?"

"போகல," என்றாள் அவள், உள்ளே திரும்பி, "காபி வேண்டாம்ட்டி, அவரு கிளம்புதாரு" என்றாள்.

சொன்ன வார்த்தை சொன்னபடி காதில் விழுந்தது. உள்ளே இறங்கும்போது அதிலிருந்த பாகு மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது, வெறும் சக்கை மட்டும் போய்ச் சேர்ந்தது. ஆதிமூலம் வீடு வீடாகப் போனார், வீடு வீடாகச் சக்கையைக் கொடுத்துவிட்டு வந்தார். பேருந்து நிலையத்தில் மைக் கட்டிப் பேசிய வார்டு உறுப்பினரின் பேச்சைக் கேட்டவர்கள், அவர் அருமை பெருமையெல்லாம் சொல்லி முடித்ததும், "சாக்கடை எப்ப அள்ளுவீய?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து போனில் "உன் நெனப்பாவே இருக்கும்மா" என்று சொன்னதைக் கேட்ட தாய், "இந்த வருசமும் வரல, அதானே?" என்று வைத்துவிட்டாள். கோயிலில் அர்ச்சகர் வழக்கம்போல் சாமியை ஆயிரம் விதமாகப் புகழ்ந்தார். அது சாமிக்கு எப்படிக் கேட்டதென்று தெரியாது, ஆனால் அந்த மாதம் மழை பெய்யவில்லை.

ஒரு மாதம் ஊர் முழுக்கச் சண்டை. பிறகு, சண்டை போட்டுக்கொண்டே இருக்க முடியாது என்பதால், எல்லோரும் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

செங்கமலத்தின் வீட்டில் சண்டை வரவில்லை. அங்கே நடந்தது வேறு. ஆதிமூலம் தினமும் சாப்பிட உட்காரும்போது, "உன் கை பட்டா ரசங்கூட அமிர்தம்" என்று சொல்வார், கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் சொன்னார். அவளுக்கு, கை பட்டது என்பதும் ரசம் என்பதும் கேட்டது. மறுநாள் அவர் அவள் கண்ணைப் பற்றி ஒன்று சொன்னார். அவளுக்குக் கண் இருக்கிறது என்பது கேட்டது. அவள் ஆய்வுக்கூடத்துக்காரி ஆகையால் ஒரு வாரம் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தாள், அவர் சொல்வதையெல்லாம் காய்ச்சி வடிகட்டினால் அடியில் என்ன தங்குகிறது என்று பார்த்தாள், ஒன்றும் தங்கவில்லை. அந்த வாரக் கடைசியில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆதிமூலத்துக்கும் தெரிந்துவிட்டது. அவர் பேச்சைக் குறைத்தார், தரகு வேலையை நிறுத்தினார், அலுவலகப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் போட்டார்.

"அந்தப் பாட்டிலை எல்லாம் தூக்கிப் போட்டுரு செங்கமலம்," என்றார் ஒரு நாள்.

"தூக்கிப் போட்டா எல்லாம் பழையபடி ஆயிருமா?"

"நாக்கு பழையபடி ஆயிரும். காது ஆயிரும்."

"நான் ஆவேனா?" என்று கேட்டாள். பிறகு அவளே, "என்னைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க. அலங்காரம் வேண்டாம், அது இப்ப எடுபடாது. உள்ளதைச் சொல்லுங்க" என்றாள்.

ஊரில் பாதிப் பேரை வர்ணித்துக் கட்டிவைத்த மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், சுவரைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், வேர்த்தது. கடைசியில், "நீ தூங்கும்போது பல்லைக் கடிக்குத," என்றார். "முதல்ல எனக்குத் தூக்கமே வராது. இப்ப அந்தச் சத்தம் நின்னா முழிச்சுக்கிடுதேன்."

அவள் எழுந்து போய் அவருக்குச் சீனியில்லாத காபி போட்டுக்கொண்டு வந்தாள். பாட்டிலைத் தூக்கிப் போடும் பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் ஊர் முடிக்கவில்லை. அணைந்தபெருமாள் தலைமையில் ஒரு ஊர்வலம் கல்லூரி வாசலுக்கு வந்து, வெள்ளியை நிறுத்து என்று கோஷம் போட்டது. கோஷத்தில் இனிப்பு எப்போதுமே இல்லாததால் அது தெளிவாகக் கேட்டது. தாளாளர் குணசீலன் வெளியே வந்து எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, நாளை பார்க்கலாம் என்றார். அந்த நாளைக்குள் டாக்டர் ரஹீமா பேகம் வந்து சேர்ந்தார். ஊரில் சர்க்கரை வியாதி பார்க்கிற ஒரே டாக்டர் அவர், வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் இருந்த அவருடைய ஆஸ்பத்திரியில் இப்போது பல்லி மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. தித்திக்காத பண்டத்தை யார் தின்பார்கள்? ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது.

"நான் சொல்லி யாரும் கேட்கல, அந்தப் பாட்டில் சொல்லிக் கேட்டுட்டாங்க," என்றார் டாக்டர். அவர் குரலில் வருத்தமா சந்தோஷமா என்று ஊர்வலத்துக்குப் புரியவில்லை.

செய்தி பரவியது. முதலில் மதுரையிலிருந்து ஒரு ஜவுளிக்கடை முதலாளி ஒரு மாதம் தங்க வந்தார், கால் புண் ஆறித் திரும்பினார். பிறகு திருச்சியிலிருந்து வந்தார்கள், பிறகு கேரளத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், பிறகு துபாயிலிருந்து வந்தார்கள். காலி வீடுகளெல்லாம் விடுதியாயின, மாட்டுக் கொட்டில்கள் குளிரூட்டப்பட்டன. அணைந்தபெருமாள் அல்வாச் சட்டியைக் கவிழ்த்துவைத்து, கடைக்கு மேல் இரண்டு மாடி எழுப்பி, 'கசப்பு இல்லம்' என்று பெயர் வைத்து, வாடகைக்கு விட்டார். அதே கல்லூரி வாசலுக்கு இன்னொரு ஊர்வலம் கூட்டிக்கொண்டு வந்து, வெள்ளியை நிறுத்தாதே என்று கோஷம் போட்டார். குணசீலன் மறுபடியும் மோர் கொடுக்கச் சொன்னார். உள்ளே போய்ச் செங்கமலத்திடம், "இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமாம்மா? பக்கத்து ஊர் வரைக்கும் வந்துச்சுன்னா அங்கயும் நம்ம இடம் ரெண்டு கிடக்கு" என்றார்.

"பக்கத்து ஊருக்குப் போனா அவங்களும் லாட்ஜ் கட்டுவாங்க, சார்."

குணசீலன் யோசித்துப் பார்த்து, "அப்ப இதே அளவு இருக்கட்டும்" என்றார்.

ஆதிமூலமும் பலகையைத் தூசி தட்டி மறுபடியும் மாட்டினார். இப்போது அவர் மாப்பிள்ளை வீட்டில் போய், "பொண்ணுக்கு முன்கோபம். பிளஸ் டூல ஒரு பாடம் போச்சு. ஸ்கூட்டர் நல்லா ஓட்டுவா" என்று சொன்னார். அவர்கள் காபி கொடுத்தார்கள். முன்னைவிடக் குறைவான கல்யாணங்களே கூடின, ஆனால் பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்து முதல் நாளே அதிர்ச்சியடைகிற வழக்கம் ஊரை விட்டுப் போனது. வீட்டில் அவர் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றோ "நல்லாருக்கு" என்றோ சொல்வார். அவர் நல்லாயிருக்கிறது என்று சொல்கிற நாட்களில் செங்கமலம் ஆய்வுக்கூடத்துக்குச் சிரித்த முகத்தோடு போவாள்.

இப்படிச் சில வருடங்கள் போயின. ஒரு நாள் காலையில் ஆதிமூலம் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இன்னிக்கு மழை வரும், குடை எடுத்துக்க" என்றார். செங்கமலத்துக்குக் காதிலிருந்து தொண்டை வரைக்கும் என்னவோ இறங்கியது, அது என்னவென்று அவளுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. வாசலைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அது தித்திப்பு. குடை இனித்தது. மழை இனித்தது.

அவள் குடையை விரிக்க மறந்து நனைந்துகொண்டே ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, பாட்டில்களைத் திறந்து, கட்டிகளை அரைத்து, அளந்து பார்த்தாள். வேலியோரத்துக் கொடியில் எவ்வளவு சத்து இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. வெள்ளி அதே அளவுதான், கூழும் அதேதான். செடிக்குத்தான் பழகிவிட்டது. குத்துகிற துகள் தன்னைத் தின்னப்போவதில்லை என்று கண்டுகொண்டு, பயத்தை விட்டுவிட்டு, மருந்தையும் விட்டுவிட்டு, முன்போலச் சுகமாகக் கொழுத்திருந்தது.

வெள்ளியை இன்னும் கூட்டியிருக்கலாம். அவள் பாட்டிலை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். அவர் இன்னொரு முறை மழையைப் பற்றிப் பேசுகிறாரா என்று கேட்க வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அவள் தவித்த நாட்களில், மெதுவாக ஒன்று புரிந்தது: சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அணைந்தபெருமாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்னச் சட்டியில் என்னவோ கிண்டினார், நெய் வாசனை தெருவுக்கு வந்தபோது, தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதாகச் சொன்னார். டீக்கடை மாஸ்டர் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் கண்ணைக் காட்டிவிட்டு அரைக் கரண்டி போட்டார், அவர்கள் அதைக் கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடித்தார்கள். டாக்டர் ரஹீமா பேகத்தின் மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன மைசூர்பாகு மறுநாள் இல்லை. விடுதிக்காரர்கள் சீனியே வாங்குவதில்லையாகையால் வெளியூர் நோயாளிகளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. அவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டேதான் இருந்தது, தித்திப்பைத் தேடிப் பார்க்கவும் அவர்கள் யாரும் துணியவில்லை. ஊரே அறிந்திருந்தது, ஊரே சொல்லாமல் இருந்தது. இத்தனை வருடத்தில் ஊர் ஒற்றுமையாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நேரில் பார்த்துத் திருப்தியானால் ஊருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, அகலச் சாலை, ரயில் நிறுத்தம் எல்லாம் வரும். கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டார்கள். வரவேற்புரை சொல்ல ஆதிமூலத்தைக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் ஊரின் ஜனத்தொகை, மழையளவு என்று ஆரம்பித்தவர், கூட்டத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், நெடுநாள் பட்டினி கிடந்தவர் பந்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார், பிறகு தன்னை மறந்து, வந்த அதிகாரியைப் பூரண நிலவே என்றும் பொதிகைத் தென்றலே என்றும் அழைத்துவிட்டார். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் உச்சந்தலை குளிர்ந்தது. அத்தனை பேரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அது செங்கமலம்.

அடுத்தது சோதனை. வெள்ளித் தட்டில் அணைந்தபெருமாளின் அல்வா வந்தது. மேடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு விள்ளல் எடுத்து, சைக்கிள் டியூபைத் தின்கிற முகத்தோடு மென்றார்கள். அணைந்தபெருமாளுக்குக் கண்ணில் நீர் வந்தது, அதைச் சோகம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி ஒரு விள்ளலை வாயில் போட்டார்.

"நல்லா இனிக்குதே!" என்றார்.

எல்லோரும் அவரை, மடியில் படுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல, கவலையோடு பார்த்தார்கள். குணசீலன் டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டர் ரஹீமா பேகம் எழுந்து, அதிகாரியின் நாடியைப் பிடித்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு இது சகஜம், சார்" என்றார். "நாக்குல பழைய இனிப்பு தங்கியிருக்கும். இன்னொரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க."

அதிகாரி இன்னொரு துண்டைச் சாப்பிட்டார். கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை ஆயிரம் கல் முகங்களைப் பார்த்தார்.

"இப்பக் கொஞ்சம் கம்மி," என்றார்.

"இன்னொண்ணு, சார்."

மூன்றாவதைத் தின்று முடித்தபோது அவர் முகமும் கல்லாகியிருந்தது. "ஆமா. சுத்தமா இல்ல," என்று அறிவித்தார். பந்தல் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல் எழுந்தது. அவர் கிளம்பும்போது, ஆராய்ச்சிக்கு வேண்டுமென்று சொல்லி மிச்ச அல்வாவைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்து செங்கமலமும் ஆதிமூலமும் வீட்டுக்கு நடந்தார்கள். ரயில் வரப்போகிற சந்தோஷத்தில் ஊர் வெடி வெடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் ஆதிமூலம், பார்வையை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு, "என் பேச்சு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவளுக்கு எதையும் முதலிலிருந்து விளக்கினால்தான் தூக்கம் வரும். அவள் முதலிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தாள், செடி பயத்தை விட்டதை, குடை இனித்ததை, அதற்குப் பிறகு அவர் "உப்பு கம்மி" என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்த சாப்பாட்டு வேளைகளை. பிறகு மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டால் நாளைக்கு அவர் மறுபடியும் ரசத்தை அமிர்தம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"சக்கை," என்றாள்.

அவர் நடையை நிறுத்திவிட்டார். வார்த்தையைப் பாகு காய்ச்சி விற்றே பிழைத்த மனிதர் அவர், தன் காதில் விழுந்தது எதில் தோய்ந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா? முகம் மலரப் பார்த்தது. அதை அப்படியே பிடித்து நிறுத்தி, ஊரார் முகம்போல் இறுக்கிக்கொண்டு,

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு," என்று சொல்லிவிட்டு அவளோடு நடந்தார்.